எப்போதும் இடப்பக்கம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. என்னைக் கட்டிக்கொண்டவருக்கு இது புதுச் சேதி இல்லை. அவர் என் அத்தை மகன், நான் பாவாடை கட்டித் திரிந்த காலத்திலிருந்து என்னைப் பார்த்தவர். அப்போதும் மாமா என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் மாமாதான். அந்த மனுஷன் ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தபோது, திட்டித் திட்டி எனக்குத்தான் வாய் வலித்தது. கடைசியில் அவரைப் பேச வைத்தது என் வாய் இல்லை. கம்ப்யூட்டரில் ஆடுகிற ஒரு விண்வெளிச் சண்டை விளையாட்டு. சொன்னால் சிரிக்கிறார்கள், அதனால் யாரிடமும் சொல்வதில்லை.

மாமா லாரி டிரைவர். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்குப் போவார். அந்த வண்டிக்கு இரண்டு டிரைவர்கள். இன்னொருவர் ஆத்தூர்க்காரர், டேமுக்குப் போகிற வழியில் வீடு. இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். தனியாகக் கிளீனர் கிடையாது. ஓட்டாதவர் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து அந்த வேலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமா அவரை மாப்ள என்பார். நான் அண்ணன் என்பேன். அவர் மனைவி மாமாவை அண்ணன் என்பாள், என்னை மதினி என்பாள். வண்டி ஊருக்குள் வந்தால் இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம்.

ஒரு மழைக்காலத்தில், விடியப்போகிற நேரம், மெட்ராஸில் காயை இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு திரும்பி வரும்போது, அய்யலூருக்கு இந்தப் பக்கம் வண்டி ரோட்டை விட்டு இறங்கிக் கவிழ்ந்தது. இடப்பக்கமாகக் கவிழ்ந்தது. இடப்பக்க சீட்டில் இருந்த அண்ணன் அந்த இடத்திலேயே போய்விட்டார். மாமாவுக்குத் தோள்பட்டையும் விலாவும் உடைந்தன. ஆஸ்பத்திரியில் கிடந்ததால் கேதத்துக்குக்கூடப் போக முடியவில்லை. பின்னால் பஸ் வந்தது, ஒதுங்கினேன், தார் ரோட்டின் ஓரம் மழையில் அரித்துப்போயிருந்தது என்று போலீஸிடம் சொன்னதோடு சரி. என்னிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. எலும்பு கூடிவிட்டது, ஆள் தேறவில்லை. மறுபடி ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு வாங்க என்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

மாதம் இரண்டு கழிந்ததும் ஆத்தூரிலிருந்து அண்ணன் மனைவி ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். அண்ணனை ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க, அவர்ட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும் என்று. மாமா போகவில்லை. அப்புறமும் சொல்லி அனுப்பினாள். அப்போதும் போகவில்லை. நான் மட்டும் போய்ப் பார்த்தேன், என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அண்ணன் வரட்டும் மதினி என்றாள். அந்த ஒன்று என்னவென்று எங்களுக்குத் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். என் புருஷனை ஏன் இப்படிப் பண்ணினீங்க என்பதைத் தவிர அவள் வேறு எதைக் கேட்கப்போகிறாள்? அதைக் காதால் கேட்க மாமாவுக்குத் தைரியம் இல்லை. அவர் போக வேண்டும், போனால்தான் ஆள் பிழைப்பார் என்று எனக்குப் பட்டது. ஆனால் பிடித்துத் தள்ளிக்கொண்டா போக முடியும்?

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் நான் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ரிசல்ட் பார்க்க, ஹால் டிக்கெட் எடுக்க, துபாயில் இருக்கிற புருஷனுக்கு மெயில் அனுப்ப என்று காலையும் சாயங்காலமும் கூட்டமாக இருக்கும். மத்தியானம் ஈ ஓட்ட வேண்டியதுதான். வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டாமே என்று மாமாவைக் கையோடு கூட்டிப்போவேன். ஆத்தூர் பஸ் நிற்கிற பக்கம் வரமாட்டார். அதற்காக ஒரு தெரு சுற்றி நடப்பார். எனக்கு ஆத்திரம் பொங்கும், கூடவே அழுகையும் வரும். இரண்டையும் அடக்கிக்கொண்டு நானும் கூடவே சுற்றுவேன்.

பாலிடெக்னிக் பையன்கள் சிலர் மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் அந்த விளையாட்டை ஏற்றியிருந்தார்கள். பரீட்சை வந்ததும் அவர்கள் வருவது நின்றது. ஒரு மத்தியானம் பார்க்கிறேன், மாமா அதில் உட்கார்ந்து எதையோ அமுக்கிக்கொண்டிருக்கிறார். ‘பிரேக் இல்லாத வண்டிய எவன்டா பண்ணுனது’ என்று திரையைப் பார்த்து முனகினார். பல மாதம் கழித்து அவர் வாயிலிருந்து தானாக வந்த முதல் பேச்சு அதுதான். நான் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

அந்த விளையாட்டில் ஆளுக்கு ஒரு சின்னக் கப்பல். உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் இன்டர்நெட் வழியாக உள்ளே வந்து சண்டை போடலாம். இருட்டு ஆகாயத்தில் பெரிய பெரிய பாறைகள் மிதக்கும். எதிராளியின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டால் நாம் ஜெயித்தோம், அவன் நம் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டால் நாம் காலி. கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் தெரியும். அங்கே ரோடு கிடையாது. எஞ்சினை நிறுத்தினாலும் கப்பல் போன வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு மூக்கை மட்டும் பின்பக்கம் திருப்பி, துரத்தி வருகிறவனை நேருக்கு நேர் பார்த்துச் சுடுவார்கள். மாமாவோ ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். திருப்பத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தார். எதிரில் வருகிற கப்பலுக்கு வழிவிட்டார். வழிவிட்ட மாத்திரத்தில் சுட்டுப்போட்டார்கள்.

தினமும் செத்தார். நாளெல்லாம் செத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது, வேற வேலையே இல்லையா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. ஆனால் ஒவ்வொரு தடவை செத்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி தொடங்கினார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளவில்லை. அதைப் பார்த்ததும் என் வாயை மூடிக்கொண்டேன்.

அவரைக் கொன்றவர்களில் ஒரு ஆள் மட்டும் அநேகமாக எல்லா நாளும் வருவான். எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு பெயர். எந்த ஊர்க்காரன், ஆணா பெண்ணா என்றே எங்களுக்குத் தெரியாது, அவன் என்று நாங்களாக வைத்துக்கொண்டோம். சுட்டு முடித்ததும் திரையின் அடியில் இங்கிலீஷில் ஏதாவது எழுதுவான். ஒரு நாள் மாமா திரும்பி, ‘ஏ புள்ள, இவன் என்ன எழுதியிருக்கான்?’ என்று கேட்டார். நான் பி.காம். படித்தவள், தட்டுத் தடுமாறியாவது புரியும். ஓடிப்போய் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வலப்பக்கம் சுவர் என்பதால் அவருக்கு இடப்பக்கம்தான் இடம் இருந்தது. நன்றாக ஆடினாய், ஆனால் திருப்பத்தில் வேகத்தை விடாதே என்று எழுதியிருந்தான். கொன்றுவிட்டுப் புத்தி சொல்கிற திமிரைப் பாரு என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாலு வார்த்தை நன்றாகவே கொடுத்தேன். அவன் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் படித்துச் சொல்வேன், மாமா கேட்டுக்கொள்வார், மாமா கேட்பதை நான் எழுதுவேன். மற்றபடி எங்களுக்குள் பேச்சு கிடையாது. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எஞ்சினை அணைத்துவிட்டு மூக்கைத் திருப்பும் வித்தையை அவர் அப்படித்தான் கற்றார். முதலில் தலை சுற்றுகிறது என்றார். பிறகு பாறையைச் சுற்றிப் போய்ப் பின்னால் வருவதைக் கற்றார். குறி வைப்பது மட்டும் அவருக்கு முதல் நாளே வந்துவிட்டது. குண்டு போய்ச் சேர நேரம் ஆகும், எதிராளி இப்போது இருக்கும் இடத்தில் சுட்டால் வீண், வந்து சேரப்போகும் இடத்தில் சுட வேண்டும். எதிரே வருகிற வண்டியின் வேகத்தைப் பார்த்து ஓவர்டேக் எடுத்தவருக்கு அது கைவந்த கணக்கு. புதுசாக வருகிறவர்களைப் பொசுக்கென்று வீழ்த்தினார். ஆனால் முதுகுக்குப் பின்னால் யாராவது வந்துவிட்டால் தீர்ந்தது. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ஏன் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

காரணத்தை அவன்தான் எழுதினான். ‘உன் பின்னால் யார் வந்தாலும் நீ இடப்பக்கமாகவே ஒதுங்குகிறாய். எப்போதும் இடப்பக்கம். நான் உன்னைத் துரத்துவதில்லை, அந்த இடத்தில் சுட்டுக்கொண்டே காத்திருக்கிறேன். நீயே வந்து விழுகிறாய்.’

படித்ததும் எனக்கு அய்யலூர்தான் ஞாபகம் வந்தது. வேறு ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். என்ன எழுதியிருக்கான் என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு மழுப்ப வராது. எழுதியிருந்ததை அப்படியே தமிழில் சொன்னேன். மாமா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையில் அவருடைய கப்பல் ஓட்ட ஆள் இல்லாமல் மிதந்துகொண்டே போனது. யாரோ வந்து சுட்டார்கள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் கடைக்கு வரவில்லை. எல்லாம் போச்சு, மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார் என்று எனக்கு மனசு விட்டுப்போனது. அந்த முகம் தெரியாதவனை மனசுக்குள் வண்டை வண்டையாகத் திட்டினேன். அப்புறம் ஒரு மத்தியானம் அவராகவே வந்து மூலையில் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு கரண்ட் போனது. அந்த வருஷங்களில் தினமும் குறித்த நேரத்துக்குக் கரண்ட் கட். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அணைந்த திரையைப் பார்த்தபடியே மாமா பேச ஆரம்பித்தார்.

‘டிரைவருக்கு இடது பக்கம் கண்ணு கெடையாது புள்ள. இடது சீட்டுல இருக்கவன்தான் கண்ணு. அவன் எட்டிப் பாத்து, கதவத் தட்டி, வரலாம் வரலாம்னா நாங்க பாக்கவே மாட்டோம், ஒதுங்கிருவோம். அன்னைக்கு அவன் தூங்கிக்கிட்டு இருந்தான். விழுப்புரத்துல இருந்து அவன்தான் ஓட்டிட்டு வந்தான், அப்பத்தான் மாத்துனோம், செத்த நேரம் தூங்கட்டும்னு விட்டேன். பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சான். கை தானா ஒதுங்கிருச்சு. ஒரு கொரல் குடுத்திருந்தா எந்திரிச்சுப் பாத்திருப்பான். எழுப்பல.’

அவ்வளவுதான் சொன்னார்.   நீங்க வேணும்னேவா செஞ்சீங்க என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ரோட்டில் இத்தனை வருஷம் அடுத்தவர் குரலை நம்பி ஒதுங்கிய கை, குரல் இல்லாதபோதும் ஒதுங்கிவிட்டது. அந்தக் கைதான் ஆகாயத்திலும் ஒதுங்கிக்கொண்டிருந்தது. அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நான் அழுதேன். அவர் அழவில்லை. கரண்ட் வந்ததும் ஆட்கள் வந்துவிட்டார்கள், எழுந்து ஷட்டரைத் தூக்கினேன்.

அதற்கடுத்த நாள் நானும் அந்த விளையாட்டுக்குள் போனேன். பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இன்னைக்கு உங்க பின்னால நான் வாரேன், எப்படித் தப்பிக்கிறீங்கன்னு பாப்போம் என்றேன். நான் பாட்டுக்கு ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன், ஓட்டத் தெரிய வேண்டாமா? முதலில் பாறையில் போய் மோதி நானே செத்தேன். மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார் என்று சொல்ல முடியாது, உதடு கோணியது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. மெல்ல மெல்ல எனக்கும் கை வந்தது. அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு போவேன். இடப்பக்கம் ஒதுங்குவார். சுடுவேன். மறுபடி போவேன். மறுபடி இடப்பக்கம். வலது பக்கம் திரும்புங்க மாமா என்று கத்துவேன். திரும்புறேன் புள்ள, கை வரமாட்டேங்குது என்பார். ஒரு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு வலது பக்கம் திருப்பினார், பாறையில் முட்டிச் சிதறினார். இடமோ வலமோ, பார்க்காமல் திரும்பினால் இதுதான் கதி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கீபோர்டில் எந்தப் பட்டன் எதற்கு என்று காட்டும் பட்டியல் ஒன்று அந்த விளையாட்டிலேயே இருக்கும். அதை உட்கார்ந்து படித்தேன். கப்பலைத் திருப்பாமல், தலையை மட்டும் திருப்பி இடப்பக்கம் எட்டிப் பார்க்க ஒரு பட்டன் இருந்தது. வலப்பக்கம் பார்க்க ஒன்று, பின்னால் பார்க்க ஒன்று. இத்தனை மாதத்தில் மாமா இடப்பக்கப் பட்டனைத் தொட்டதே இல்லை. பின்னால் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார். லாரியில் அவர் பார்க்கிற பக்கங்கள் அவைதான். இதை அமுக்குங்க என்று விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தேன். அமுக்கினார். திரையில் இடப்பக்கத்து ஆகாயம் வந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘இங்க நாமளே எட்டிப் பாத்துக்கலாம் போல’ என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஆடியதே வேறு ஆட்டம். யார் பின்னால் வந்தாலும் முதலில் இடப்பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே குண்டு போய்க்கொண்டிருந்தால் மேலே போனார், வலது பக்கம் உருண்டார். எதுவும் இல்லாவிட்டால் இடப்பக்கமே போனார். அதிலும் தப்பில்லை, பார்த்துவிட்டுப் போனார். பார்ப்பதற்கு அரை மூச்சு நேரம் ஆகும், அந்த நேரத்தில் பல தடவை செத்தார். பிறகு அந்த நேரம் குறைந்தது. என்னால் அவரைச் சுட முடியாமல் போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் மவுஸை டம்மென்று மேசையில் வைத்தேன். அது உண்மையான கோபம்தான், விளையாட்டில் தோற்பது எனக்குப் பிடிக்காது.

கொஞ்ச நாள் வராமல் இருந்த அந்தப் பழைய எதிராளி ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தான். வழக்கம்போல மாமாவின் முதுகுக்குப் பின்னால் வந்து, இடப்பக்கமாகச் சுட்டுக்கொண்டே காத்திருந்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் பார்த்தேன். மாமா எட்டிப் பார்த்தார். இடப்பக்கம் பூராவும் சிவப்புக் கோடுகளாக ஓடிக்கொண்டிருந்தன. எஞ்சினை அணைத்தார். வலது பக்கம் உருண்டு மூக்கைப் பின்னால் திருப்பினார். அவன் எதிர்பார்க்கவில்லை, வந்த வேகத்தில் எங்களைத் தாண்டிப் போனான். போய்ச் சேரப்போகிற இடத்தில் மாமா சுட்டார்.

அவன் கப்பல் வெடித்தது. திரையின் அடியில் நிறைய எழுதினான், பாராட்டுத்தான். நான் சந்தோஷத்தில் படபடவென்று படித்துக்கொண்டே போனேன். மாமா கேட்கவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

‘பாக்காம இருந்தது போதும் புள்ள. நாளைக்கு ஆத்தூருக்குப் போவோம்’ என்றார்.

பஸ்ஸில் போனோம். தெருச் சுற்றாமல் நேராக நடந்து அந்த பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தார்.  அவள் ஏதாவது சொல்லி, இவர் மறுபடி உடைந்துபோனால் நான் என்ன செய்வேன்? அவள் கத்தினால் நான் என் வாயைத் திறக்கக்கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டேன்.

அண்ணன் மனைவி அப்போதுதான் தோட்டத்தில் பூப்பறித்துவிட்டு வந்திருந்தாள். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, அடையாளமே மாறியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வாங்கண்ணே, வாங்க மதினி என்று பாயை விரித்தாள். தண்ணீர் கொடுத்தாள். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள் என்றாள். அண்ணனின் படத்துக்குக் கீழே மாமா தலையைக் குனிந்து உட்கார்ந்தார். என்னைத் திட்டணும்னா திட்டு தங்கச்சி, கேக்கணும்னு சொன்னதைக் கேளு என்றார்.

அவள் புரியாமல் அவரைப் பார்த்தாள். திட்டுவதற்கா கூப்பிட்டேன் என்பது போல இருந்தது முகம். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

‘கவுந்தப்ப அவரு முழிச்சிருந்தாராண்ணே, தூங்கிக்கிட்டு இருந்தாரா?’

 எதைச் சொல்லக்கூடாது என்று இந்த மனுஷன் ஒளிந்து திரிந்தாரோ, அதையே கேட்டுவிட்டாள். மாமா நிமிர்ந்தார். அவள் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

‘தூங்கிக்கிட்டுத்தான் இருந்தான் தங்கச்சி. நான் எழுப்பல.’

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.  அப்புறம் மெதுவாகத்தான் சொன்னாள்.

‘அது போதும்ண்ணே. பயந்துக்கிட்டே செத்தாரோ, எங்களக் கூப்டுக்கிட்டே செத்தாரோன்னு நெனச்சு நெனச்சு எனக்குக் கண்ணே மூடல. நல்லவேள, நீங்க எழுப்பாம இருந்தீங்களே.’

மாமா அழுதார். தோள் குலுங்கக் குலுங்க, வெட்கப்படாமல் அழுதார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எங்கள் மேலேயே கோபம்தான். அவளுக்கு வேண்டியிருந்த ஒரே ஒரு பதில் இத்தனை நாளும் எங்கள் வீட்டில் பாயில் படுத்துக் கிடந்தது. ஒரு பஸ் தூரத்தில் அவள் அதற்காகக் கண் மூடாமல் கிடந்திருக்கிறாள்.

சாப்பிட்டுத்தான் போகணும் என்றாள். நானே அடுப்பில் உலையை வைத்தேன். வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டே ஏதோ கேட்டேன், பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், சுவரில் சாய்ந்தபடியே வாய் லேசாகத் திறந்து தூங்கிப்போயிருந்தாள். மத்தியான பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. போகட்டும், அடுத்த பஸ்ஸுக்குப் போவோம் என்று மாமா சைகை காட்டினார். அடுப்பை அணைத்துவிட்டு நானும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விழிக்கும்வரை இருந்தோம்.